எண்ட்கேம் வகுப்புக்கு எந்த செஸ் இன்ஜின்?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வாசகசாலைக்கு ஒரு பழைய டெஸ்க்டாப் தானமாக வந்தது. 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. வாரக்கடைசியில் நடக்கும் செஸ் வகுப்பில், காய்கள் குறைந்த கடைசிக் கட்டமான எண்ட்கேம் சொல்லிக்கொடுக்க அதைப் பயன்படுத்தலாம் என்று கமிட்டி சொன்னது. "எந்த ப்ரோக்ராம் போடணும், காசு ஏதாச்சும் ஆகுமா, ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க மாஷே" என்றார் செக்ரட்டரி. கமிட்டிக்குக் கொடுத்தது அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்துக்கு எப்படி வந்தேன் என்பதை இங்கே விரித்து எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு கிளப்புகளுக்கும் உதவும்.

ஓப்பனிங்கிலும் நடு ஆட்டத்திலும் எந்த இன்ஜினை, அதாவது செஸ் ஆடும் நிரலை, போட்டாலும் நமக்குப் போதும். ஃபோனில் ஓடும் இலவச இன்ஜினே உலக சாம்பியனைத் தோற்கடிக்கும் காலம் இது. எண்ட்கேமில்தான் சங்கடம். அங்கே உண்மையான பதில் மூன்றே: வெற்றி, டிரா, தோல்வி. இன்ஜினோ யார் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பதற்கு +1.8 என்று ஒரு எண்ணைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும். கோபாலபுரம் தாண்டி பஸ் பிடித்து வரும் பையன் ஒருவன், "ஒண்ணே முக்காலுக்கு மேல காட்டுது மாஷே, இது ஜெயிக்குமா ஜெயிக்காதா?" என்று கேட்கிறான். நியாயமான கேள்வி. அதற்குப் பொய் சொல்லாமல் பதில் தருவது எது என்பதுதான் நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. எது பலசாலி என்ற தரவரிசை அதற்கு உதவவில்லை.

எங்கள் முன்னால் இருந்தவை நான்கு. ஸ்டாக்ஃபிஷ், லீலா செஸ் ஜீரோ, ஸ்டாக்ஃபிஷ்ஷிலிருந்து கிளைத்த கிரிஸ்டல், பிறகு விடைகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த கோப்பான டேபிள்பேஸ். காசு கொடுத்து வாங்கும் தொகுப்புகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். திரை அழகாக இருக்கும், பாடங்கள் இருக்கும்; ஆனால் எண்ட்கேம் தீர்ப்பு என்று வரும்போது இலவசமாகக் கிடைப்பதைவிட அவை கூடுதலாக எதையும் சொல்லிவிடப் போவதில்லை.

சோதிக்கும் முறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் முறை பிசகினால் எந்த இன்ஜினையும் ஜெயித்ததாகக் காட்டிவிடலாம். கடினமான நிலைகளின் தொகுப்பு ஒன்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நொடி என்று கொடுத்து, சரியான முதல் நகர்வைக் கண்டுபிடித்தால் ஒரு மதிப்பெண். இதுதான் வழக்கமான சோதனை. அரீனா போன்ற இலவச மென்பொருளில் நிலைகளின் கோப்பைக் கொடுத்தால் தானாகவே ஓட்டி மதிப்பெண் போட்டுவிடும். வசதிதான். ஆனால் அந்த மதிப்பெண்ணை எந்த அளவுக்கு நம்புவது?

புகழ்பெற்ற ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். 1901-இல் லாஸ்கர், ரைக்ஹெல்ம் இருவர் பெயரிலும் வெளிவந்தது. ரூபன் ஃபைன் 1941-இல் வெளியிட்ட எண்ட்கேம் நூலில் 70-ஆவது நிலை என்பதால் இன்ஜின் எழுதுபவர்கள் மத்தியில் இதற்கு 'ஃபைன் 70' என்றே பெயர். வெள்ளை: ராஜா ஏ1, சிப்பாய்கள் ஏ4, டி4, டி5, எஃப்4. கருப்பு: ராஜா ஏ7, சிப்பாய்கள் ஏ5, டி6, எஃப்5. வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும். விடை ராஜா பி1. இதர இரண்டு நகர்வுகளும் டிரா. பலகையை வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: எல்லாச் சிப்பாயும் முட்டிக்கொண்டு நிற்கின்றன, வெள்ளைக்கு மொத்தமே மூன்று நகர்வுதான் உண்டு. அதாவது செஸ் தெரியாத ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் மூன்றில் ஒரு தடவை 'தீர்த்துவிட்டது'. இன்ஜினுக்கும் அதே சலுகை கிடைக்கிறது. அதனால் நகர்வு சரியாக இருந்தால் மட்டும் போதாது, வெள்ளைக்கு வெற்றி என்று மதிப்பும் ஏற வேண்டும், ஏறியது கடைசிவரை இறங்காமல் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பல தொகுப்புகளில் இந்த இரண்டாவது பாதியைக் கேட்பதே இல்லை.

வேறு சில விதிகளும் தேவைப்பட்டன. எவ்வளவு தூரம் முன்னோக்கிப் பார்த்தது என்பதற்கு 'ஆழம் 40' என்று ஒரு இன்ஜின் சொல்வதையும் இன்னொன்று சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஒவ்வொன்றும் கிளைகளை வெட்டும் விதம் வேறு, ஆகவே நேரத்தைத்தான் சமமாகக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு திரெட்டில், அதாவது வேலையைப் பல சரடுகளாகப் பிரிக்காமல், ஓட்டுவது நல்லது. பல திரெட் போட்டால் அதே நிலைக்கு அதே இன்ஜின் ஒருமுறை சீக்கிரமும் மறுமுறை தாமதமாகவும் விடை தரும். ஒரு நிலை முடிந்ததும், கணக்கிட்டவற்றைச் சேர்த்து வைக்கும் ஹாஷ் நினைவகத்தைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முந்தைய தேடலின் மிச்சம் அடுத்ததில் ஒட்டிக்கொள்ளும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், சோதனையின்போது டேபிள்பேஸை அணைத்து வைப்பது.

டேபிள்பேஸ் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் விதத்திலேயே சொல்கிறேன். பலகையில் இத்தனை காய்தான் மிச்சம் என்றால் வரக்கூடிய எல்லா நிலைகளையும் செக்மேட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, விடையோடு சேர்த்து வைத்த கோப்பு. அதில் யோசனையே கிடையாது, வாய்ப்பாடு மாதிரி எடுத்துப் பார்ப்பதுதான். சாவேத்ரா நிலை என்று 1895-இல் வந்த அற்புதம் ஒன்று உண்டு. வெள்ளைச் சிப்பாய் எட்டாம் வரிசைக்குப் போய் ராணி ஆனால் டிரா, யானை ஆனால் வெற்றி. 1921-இல் ரேட்டி அமைத்த ராஜா சிப்பாய்ப் புதிரும் அப்படித்தான். எட்டவே முடியாது என்று தோன்றும் எச் வரிசைச் சிப்பாயை, மூலைவிட்டத்தில் நடந்து வரும் ராஜா எட்டிப்பிடிக்கிறது. இரண்டிலும் மொத்தம் நான்கே காய். டேபிள்பேஸ் இருந்தால் எந்த இன்ஜினும் கணப்பொழுதில் விடை சொல்லும். அதை வைத்து இன்ஜினின் புத்தியை அளக்க முடியாது, ஹார்ட் டிஸ்க்கைத்தான் அளக்கலாம்.

அணைத்து வைத்து ஓட்டினாலும் ரேட்டி, சாவேத்ரா, ஃபைன் 70 மூன்றும் இன்றைய ஸ்டாக்ஃபிஷ்ஷுக்குப் பொருட்டே இல்லை. ஒரு காலத்தில் ஃபைன் 70 இன்ஜின்களுக்குப் பெரிய பரீட்சை. ராஜாக்கள் இரண்டும் பக்கவாட்டில் நெடுநேரம் நடந்த பிறகுதான் வெள்ளை உள்ளே நுழையும் என்பதால், ஒரே நிலையைத் திரும்பத் திரும்பக் கணக்கிடாமல் நினைவில் வைத்துக்கொள்ளும் ஹாஷ் அட்டவணை இல்லாத நிரல்கள் திணறிவிடும். இப்போது இதை ஒரு இன்ஜினிடம் கொடுப்பதன் பயன், அது பழுதில்லாமல் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான்.

அடுத்த படி, கண்ணுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும் தியாகங்கள். 1998 லினாரெஸில் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் ஆடிய மந்திரி எச்3. இரு பக்கமும் எதிரெதிர் நிற மந்திரிகள், கருப்புக்கு இரண்டு சிப்பாய் கூடுதல். ஆனாலும் சாதாரணமாக ஆடினால் டிரா ஆகிவிடும் வகை. ஷிரோவ் தன் மந்திரியை வெள்ளைச் சிப்பாய் வெட்டும் இடத்தில் கொண்டுபோய் வைத்தார். மந்திரி நின்றிருந்த எஃப்5 கட்டம்தான் அவருடைய ராஜா இ4-க்குப் போகும் வழி. வழியை விட வேண்டும், விடும்போதே ஜி2 சிப்பாயை மிரட்டி ஒரு நகர்வையும் சம்பாதிக்க வேண்டும். பத்துக் காய் இருப்பதால் டேபிள்பேஸ் நேரடியாக உதவாது. பல வருடம் இன்ஜின்கள் இதைப் பார்க்கவே மறுத்தன. இன்றைய ஸ்டாக்ஃபிஷ் கண்டுபிடிக்கிறது. மந்திரியை இலவசமாகக் கொடுப்பது போன்ற நகர்வைத் தேடல் சீக்கிரமே வெட்டி எறியப் பார்க்கும், அதையும் மீறி வர வேண்டும் என்பதால் பலவீனமான கணினியில் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

லீலா இங்கே வேறு குணம். 2018-இல் தொடங்கிய இது, டீப்மைண்டின் ஆல்ஃபாஜீரோ நிரல் காட்டிய வழியில் தனக்குத்தானே ஆடிக் கற்றுக்கொண்டது. ஸ்டாக்ஃபிஷ் கோடிக்கணக்கான நிலைகளை வேகமாகப் புரட்டும். லீலா கொஞ்சம் நிலைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் பெரிய நரம்பு வலைக்குள் (நியூரல் நெட்வொர்க்) செலுத்திப் பார்க்கும். அடைப்பு நிலைகளில் மனிதர் சொல்வது போன்ற தீர்ப்பு அதனிடம் வருவதுண்டு. ஆனால் ஒரே ஒரு கோட்டில் ஆழமாகப் போய்ப் பிழையில்லாமல் கணக்கிட வேண்டிய எண்ட்கேம் புதிரில் அது தடுமாறும். சிப்பாயைக் குதிரையாக மாற்றும் விநோதத்துக்குப் பேர்போன பிளாஸ்கெட் புதிரை வைத்து ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டபோது ஸ்டாக்ஃபிஷ் தீர்த்தது, லீலா தீர்க்கவில்லை. 1987-இல் பிரஸ்ஸல்ஸில் மிஹாயில் டால் அதைத் தலைக்குள்ளேயே தீர்த்தார் என்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த கதை. இந்தக் குணவேறுபாடு ஒரு பக்கம் இருக்கட்டும்; கிராபிக்ஸ் கார்டு இல்லாத எங்கள் டப்பாவில் லீலா நகரவே நகராது. அந்த ஒரு காரணத்துக்காகவே பட்டியலிலிருந்து போயிற்று.

இனி கோட்டை நிலைகள். எல்லா இன்ஜினும் வழுக்குவது இங்கேதான், வகுப்பில் அதிகக் கேள்வி வருவதும் இங்கேதான். எதிரியிடம் எவ்வளவு காய் இருந்தாலும் உள்ளே நுழைய வழி இல்லை என்றால் அது கோட்டை. 2017-இல் விஞ்ஞானி ரோஜர் பென்ரோஸின் நிறுவனம் வெளியிட்ட நிலையைப் பாருங்கள். கருப்புக்கு ராணி, இரண்டு யானை, ஒரே நிறக் கட்டத்தில் ஓடும் மூன்று மந்திரிகள். வெள்ளைக்கு ராஜாவும் நான்கு சிப்பாயும். கருப்பின் ராணியும் யானைகளும் தங்கள் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கின்றன, மந்திரிகள் மூன்றும் கருப்புக் கட்டத்தில் மட்டுமே போகும். வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களில் உலாத்திக்கொண்டே இருந்தால் போதும், டிரா. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பலகையைப் பார்த்தவுடன், "அந்த மந்திரியெல்லாம் இவரைத் தொடவே முடியாதே மாஷே" என்றாள். இன்ஜினோ கருப்புக்கு மாபெரும் முன்னிலை காட்டுகிறது. காய்க்கணக்கு அப்படி.

1912-இல் ருடால்ஃப் அமைத்த நிலை இன்னும் அழகு. வெள்ளை தன் மந்திரியை ஏ4-இல் செக்காகப் பலிகொடுக்கிறது. கருப்பு ராஜா வெட்ட, அடுத்தடுத்து பி3, சி4, டி5, இ6 என்று சிப்பாய்கள் ஒவ்வொன்றும் செக் கொடுத்தபடியே முன்னேறுகின்றன. ராஜா பின்வாங்கிப் போய் வெள்ளையின் இன்னொரு மந்திரியையும் விழுங்கும்போது வெள்ளை எஃப்5 ஆட, பலகையின் குறுக்கே சுவர் எழும்பிவிடுகிறது. இரண்டு யானை இருந்தும் கருப்பால் தாண்ட முடியாது. பென்ரோஸ் நிலையில் இன்ஜின் தப்பாகச் சொன்னாலும் சரியான நகர்வை ஆடிவிடும், ஏனென்றால் வெள்ளைக்கு வேறு வேலை இல்லை. ருடால்ஃபில் அப்படி இல்லை. டிரா என்று நம்பினால்தான் இரண்டு மந்திரியையும் கொடுக்கத் துணிவு வரும். அதனால் கோட்டையைச் சோதிப்பதற்கு ருடால்ஃப் வகைதான் நேர்மையான கேள்வி என்பது என் கருத்து. பென்ரோஸ் நிலையை வைத்து இன்ஜின்களைக் கேலி செய்வது சுலபம், அதிலிருந்து தெரிந்துகொள்வது குறைவு.

ஏன் இப்படித் தவறுகிறது? சிப்பாய் நகராமலும் வெட்டு விழாமலும் ஐம்பது நகர்வு கழிந்தால் டிரா என்ற ஐம்பது நகர்வு விதி தேடலின் எல்லைக்குள் வந்தால்தான் இன்ஜினுக்கு டிரா உறைக்கும். சிப்பாய் நகராமல், வெட்டு விழாமல் கழியும் நகர்வுகள் கூடக்கூட ஸ்டாக்ஃபிஷ் தன் மதிப்பைச் சுருக்கிக்கொண்டே வரும்படி அமைத்திருக்கிறார்கள். எனவே இன்ஜினை அதனுடனேயே ஆடவிட்டு, மதிப்பு மெல்லமெல்லப் பூஜ்யத்தை நோக்கிக் கரைகிறதா என்று பார்ப்பது கோட்டையைக் கண்டுபிடிக்க நல்ல தந்திரம். கிரிஸ்டல் குறிவைப்பது இந்தப் பலவீனத்தைத்தான். அடைப்பு நிலைகளிலும் கடினப் புதிர்களிலும் தாய் இன்ஜினைவிட முன்னால் டிராவை உணர வேண்டும் என்று தேடலை மாற்றி எழுதியிருக்கிறார்கள். சாதாரண ஆட்டத்தில் ஸ்டாக்ஃபிஷ்தான் மேல். இரண்டும் இலவசம், இரண்டையும் ஒரே திரையில் வைக்கலாம் என்பதால் இதில் தேர்வு செய்ய வேண்டிய கட்டாயமே எழவில்லை. இரண்டும் வேறு வேறு எண் காட்டினால், அங்கே நின்று யோசிக்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

எண்ணைப் பற்றி ஒரு குறிப்பு. ஸ்டாக்ஃபிஷ் 15.1 பதிப்பிலிருந்து +1.00 என்பதற்குத் திட்டமான அர்த்தம் உண்டு: இன்ஜினும் இன்ஜினும் ஆடினால் ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒரு சிப்பாய் கூடுதல் என்ற பழைய அர்த்தத்தில் அதைப் படிக்கக் கூடாது. 2020-இல் 12-ஆம் பதிப்பில் நரம்பு வலை வந்தது, 2024-இல் 16.1-இல் மனிதர் கையால் எழுதிய மதிப்பீட்டு விதிகளை மொத்தமாகவே நீக்கிவிட்டார்கள். ஆகவே 'இன்ஜின் ஏன் இப்படிச் சொல்கிறது' என்று கேட்டால் காட்டுவதற்கு விதி எதுவும் உள்ளே இல்லை. வகுப்பு எடுப்பவர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பூஜ்யமும் ஏமாற்றும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ், டிங் லிரென் உலகப் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டம் பெரும்பாலும் டிரா என்றே இன்ஜின் காட்டிக்கொண்டிருந்தது. குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். டிங் தன் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். யானைகள் வெட்டிக்கொள்ள, குகேஷ் மந்திரியை டி5-இல் வைக்க, மூலையில் கிடந்த டிங்கின் மந்திரிக்கு வெட்டுவதைத் தவிர வழியில்லை. மிஞ்சிய ராஜா சிப்பாய் எண்ட்கேம் கருப்புக்கு வெற்றி, உலகப் பட்டமும் சென்னைக்கு. 0.00 என்ற எண் அந்தப் பக்கம் எவ்வளவு சிரமப்பட்டு அந்த டிராவைப் பிடிக்க வேண்டும் என்பதைச் சொல்வதே இல்லை. நேர்மாறான உதாரணம் 2018 லண்டன் உலகப் பட்டப் போட்டி, கார்ல்சன், கருவானா ஆறாவது ஆட்டம். கருவானாவுக்கு மந்திரி எச்4, அப்புறம் தன் குதிரையைத் தானே ஜி1-இல் கொண்டுபோய்ச் சிக்கவைக்கும் நகர்வு என்று வெற்றி இருப்பதாகக் கணினி காட்டியது. மனித மூளை அந்தப் பக்கம் போகவே போகாது. ஆட்டம் டிரா. இன்ஜின் சரியாகத் தீர்த்த இந்த நிலையை நான் வகுப்பில் எடுப்பதில்லை, பிள்ளைகள் அதிலிருந்து எடுத்துப் போக எதுவும் இல்லை.

டேபிள்பேஸுக்கு வருகிறேன். ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிசிஜி கோப்புகள்தான் இன்றைக்குப் பெரும்பாலான இன்ஜின்கள் பயன்படுத்துபவை. ராஜாக்களையும் சேர்த்து ஐந்து காய்வரை என்றால் 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். ஆறு காய் என்றால் சுமார் 150 ஜிபி. ஏழு காய், 2018-இல் முடிந்தது, சுமார் 18 டிபி. அதற்கு முன் 2012-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் லொமொனோசொவ் சூப்பர்கம்ப்யூட்டரில் கணக்கிட்ட ஏழு காய்த் தொகுப்பு 140 டிபி பிடித்தது. ஏழு காயில் மேட் போட 500 நகர்வுக்கு மேல் தேவைப்படும் நிலைகளும் உண்டு. ஐம்பது நகர்வு விதிப்படி அவை பலகையில் டிராதான்.

சிசிஜி கோப்பில் ஒரு கோணல் இருக்கிறது, வகுப்புக்கு அது தொந்தரவு. மேட்டுக்கு எத்தனை நகர்வு என்பதை அது எண்ணுவதில்லை. அடுத்த வெட்டு அல்லது சிப்பாய் நகர்வு வரை எத்தனை என்றே எண்ணுகிறது. ஐம்பது நகர்வு விதிக்கு அதுதான் பொருத்தம். ஆனால் அதைப் பார்த்து ஆடினால், மேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது சிப்பாயைத் தள்ளிக்கொண்டிருக்கும். மிச்சக் காயே ஜெயிக்கப் போதும் என்றால் கூடுதல் காயை அநாயாசமாகக் கொடுத்துவிடும். வெற்றியா டிராவா என்ற தீர்ப்பை அதனிடம் கேட்கலாம், நகர்வைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் வகுப்பு விதி. மேட் தூரம் வேண்டுமென்றால் பழைய நலிமோவ் கோப்புகள் உண்டு, ஐந்து காய்க்கே 7 ஜிபி. மந்திரியும் குதிரையும் வைத்து மேட் போடும் பாடத்தில் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே சிப்பாயும் கிடையாது, வெட்டும் விழாது, இரண்டு கணக்கும் ஒன்றே. அதிகபட்சம் 33 நகர்வு.

பயிற்சிக்கு எதிராளியாக டேபிள்பேஸை உட்கார வைப்பது எப்படி இருக்கும்? 1970-களின் பிற்பகுதியில் கென் தாம்சன் ராணிக்கு எதிராக யானை என்ற எண்ட்கேமைக் கணினியில் முழுதாகக் கணக்கிட்டு, கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுனை ராணிப் பக்கம் உட்கார வைத்தார். புத்தகப்படி சுலப வெற்றி. முதல் தடவை ஐம்பது நகர்வுக்குள் பிரவுனால் முடியவில்லை. பிறகு படித்துவிட்டு வந்து, சரியாக ஐம்பதாவது நகர்வில் ஜெயித்தார். கணினி எந்த மனிதனும் ஆடாத தற்காப்பை ஆடியது. எங்கள் மூத்த பிள்ளைகளுக்கு இது அருமையான கசரத்து. சின்னவர்களை இதில் இறக்கினால் அழுதுவிடுவார்கள். அவர்களுக்கு ஸ்டாக்ஃபிஷ்ஷின் பலத்தைக் குறைத்து வைத்து ஆடவிடுவதே சரி.

ஆறு காய்க் கோப்பு வேண்டுமா என்பதில்தான் கமிட்டியில் இழுபறி. "நூத்தம்பது ஜிபி எறக்குறதுக்குள்ள நெட் பேக்கே தீர்ந்துடும்" என்றார் செக்ரட்டரி, அதுவும் உண்மை. அதைவிடப் பெரிய தடை டிஸ்க். தேடலின் நடுவே இன்ஜின் அந்தக் கோப்புகளை ஓயாமல் புரட்டும். எஸ்எஸ்டியில் சமாளிக்கும், சுழலும் டிஸ்க்கில் முள் அங்குமிங்கும் ஓடி, இன்ஜினின் வேகமே படுத்துவிடும். ஐந்து காய்க் கோப்பை அதே டிஸ்க்கில் வைத்தாலும் பெரும்பகுதி நினைவகத்திலேயே தங்கிவிடும். எப்போதாவது ஆறு, ஏழு காய் நிலை வந்தால் ஃபோனில் லிச்செஸ் என்ற செஸ் தளத்தின் பலகையில் அடுக்கிப் பார்த்தால் போதும், ஏழு காய் வரை இலவசமாகத் தீர்ப்பு சொல்கிறது. நெட் இல்லாத நாளில் அந்தக் கேள்வி அடுத்த வாரத்துக்குப் போகும், குடி முழுகிவிடாது.

ஆகவே கமிட்டிக்குக் கொடுத்த அரைப் பக்கம் இப்படி: டெஸ்க்டாப்பில் ஸ்டாக்ஃபிஷ், கூடவே கிரிஸ்டல், ஐந்து காய் சிசிஜி. இதைத் திறக்க அரீனா. ஆண்ட்ராய்டு ஃபோன் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு டிராய்ட்ஃபிஷ் என்ற ஆப், அதிலும் ஐந்து காய்க் கோப்பைச் சேர்க்கலாம். லீலா வேண்டாம். செலவு ஏதுமில்லை. நிறுவுபவர் கவனிக்க: ஸ்டாக்ஃபிஷ் பல பில்டுகளாக, அதாவது வெவ்வேறு பிராசசருக்கு ஏற்ற வடிவங்களாக, கிடைக்கிறது. நம் கணினி பழசு என்பதால் புதிய பிராசசர்களில் உள்ள ஏவிஎக்ஸ்2 வசதியைக் கேட்கும் பில்டைப் போட்டால் திறந்தவுடன் நின்றுவிடும், எஸ்எஸ்இ4.1 பில்ட் போட வேண்டும். ஹாஷ் 1 ஜிபிக்கு மேல் வேண்டாம். போட்டு முடித்ததும் ஃபைன் 70-ஐ ஒருமுறை ஓட்டி, பி1-உடன் மதிப்பும் ஏறுகிறதா என்று பார்க்கவும். யாராவது எஸ்எஸ்டி கொடுக்க முன்வந்தால் ஆறு காய்க் கோப்பைப் பற்றி அப்போது மறுபடி பேசலாம்.